ஒரு அணியில் எத்தனை இடதுகால்கள் இருக்கலாம்?

பெர்லினில் 2024 ஜூலை 14 அன்று நடந்த யூரோ கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டியில், ஸ்பெயின், இங்கிலாந்து இரண்டு அணிகளுமே முதல் பதினொரு பேரில் நான்கு இடதுகால்காரர்களோடு இறங்கின. ஸ்பெயினில் சென்டர் பேக் (தற்காப்பின் நடுவில் நிற்பவர்) லப்போர்ட், லெஃப்ட் பேக் (தற்காப்பின் இடது ஓரத்தில் நிற்பவர்) குக்குரேயா, நடுக்களத்தில் ஃபாபியான் ருயிஸ், வலது விங்கில், அதாவது முன்வரிசையின் வலது ஓரத்தில், முந்தின நாள்தான் 17 வயது முடிந்திருந்த லமீன் யமால். இங்கிலாந்தில் கோல்கீப்பர் பிக்ஃபோர்ட், லெஃப்ட் பேக் லூக் ஷா, முன்வரிசையில் ஃபில் ஃபோடனும் புக்காயோ சாகாவும்.

அன்று விழுந்த மூன்று கோல்களிலும் இடதுகால் இருந்தது. 47வது நிமிடத்தில் யமால் வலப்பக்கத்திலிருந்து உள்ளே வெட்டி வந்து கொடுத்த பந்தை நிக்கோ வில்லியம்ஸ் வலைக்குள் அடித்தார். 73வது நிமிடத்தில் மாற்று ஆட்டக்காரராக வந்த கோல் பால்மர், பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து இடதுகாலால் அடித்துச் சமன் செய்தார். 86வது நிமிடத்தில் குக்குரேயா இடப்பக்கத்திலிருந்து கோல் முன்னால் தரையோடு அனுப்பிய கிராஸுக்கு ஒயர்சபால் சறுக்கி வந்து கால் வைத்தார். அவரும் இடதுகால்காரர்தான். ஸ்பெயினுக்கு 2-1 வெற்றி.

எண்ணிக்கை சமம். ஆனால் அந்த ஒரு மாதம் இரண்டு அணிகளும் ஆடிய ஆட்டத்தில் சமம் எதுவும் இல்லை. ஸ்பெயின் எல்லா ஆட்டங்களையும் வென்று இறுதிக்கு வந்தது. இங்கிலாந்து குழு ஆட்டங்கள் மூன்றில் இரண்டே கோல் போட்டு, ஒவ்வொரு கட்டத்தையும் மூச்சுத் திணறித் தாண்டி வந்தது. இடதுகால்காரர்கள் நிறைய இருந்தால் ஒரு அணிக்கு நல்லதா கெட்டதா என்று கேட்பவர்கள் இந்த இரண்டு அணிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தலையை எண்ணினால் விடை வராது. அந்தக் கால்கள் களத்தில் எந்த இடத்தில் நின்றன, பக்கத்தில் எந்தக் கால் இருந்தது என்று பார்த்தால் நிறையப் புரியும்.

இங்கிலாந்தின் கதை இது. அந்தத் தொடருக்கு அவர்கள் கூட்டிப் போன ஒரே இயல்பான லெஃப்ட் பேக் லூக் ஷா. அவர் காயத்திலிருந்து மீளாமலேயே வந்தார். காலிறுதி வரை களமிறங்கவில்லை. அதனால் வலதுகால்காரரான கீரன் டிரிப்பியர் இடப்பக்கம் நின்றார். டிரிப்பியர் நல்ல ஆட்டக்காரர், கிராஸ் போடுவதில் கைதேர்ந்தவர், ஆனால் வலப்பக்கத்தில். இடப்பக்க ஓரத்தில் பந்து வந்தால் அவர் முதலில் அதை நிறுத்தி, உடம்பைத் திருப்பி, வலதுகாலுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. அதற்குள் எதிரணி ஒழுங்காகி விடும். அவருக்கு முன்னால் இடது விங்கில் நின்ற ஃபோடன் இடதுகால்காரர் என்றாலும் ஓரத்தில் நிற்பவர் இல்லை. மான்செஸ்டர் சிட்டியில் பழகியபடி நடுவை நோக்கி வந்துகொண்டே இருந்தார். ஆக, இடப்பக்க ஓரம் ஆள் இல்லாமல் கிடந்தது. எல்லோரும் நடுவில் நெருக்கியடித்தார்கள். அணியில் மூன்று இடதுகால்காரர்கள் இருந்தும், இடதுகால் கட்டாயம் வேண்டிய ஓர் இடத்தில் ஒருவரும் இல்லை.

ஸ்பெயினைப் பாருங்கள். இடப்பக்கம் லப்போர்ட், குக்குரேயா என இரண்டு இடதுகால்கள் பின்னாலிருந்து பந்தை வெளியே கொண்டுவர, முன்னால் வலதுகால்காரர் நிக்கோ வில்லியம்ஸ். வலப்பக்கம் பின்னால் வலதுகால்காரர் கார்வஹால், முன்னால் இடதுகால்காரர் யமால். ஒவ்வொரு ஓரத்திலும் இரண்டு வகைக் காலும் உண்டு. ஒருவர் கோட்டை ஒட்டி வெளியே ஓடலாம், மற்றவர் உள்ளே வெட்டலாம். தடுப்பவருக்கு எந்தப் பக்கம் அடைப்பது என்று கடைசி நொடி வரை தெரியாது. இந்த அமைப்பு தற்செயலாக வந்ததில்லை. இன்றைய பயிற்சியாளர்கள் காசு கொட்டித் தேடுவது இதைத்தான்.

அது ஏன் காசு கொட்டித் தேட வேண்டிய பொருளாக இருக்கிறது? கிடைப்பது குறைவு. மனிதர்களில் பத்தில் ஒருவர் இடதுகைக்காரர் என்பது தெரிந்ததே. இடதுகால் அதைவிடக் கொஞ்சம் அதிகம், ஐந்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். 1998 பிரான்ஸ் உலகக் கோப்பையில் ஆடியவர்கள் எந்தக் காலைப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆட்டப் பதிவுகளை வைத்து உளவியல் ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்தபோதும் ஏறக்குறைய இதே விகிதம்தான் கிடைத்தது: பத்தில் எட்டுப் பேர் வலதுகாலை நம்பியவர்கள். அதன்படி பதினொரு பேரில் சராசரியாக இரண்டு இடதுகால்காரர்கள் இருக்க வேண்டும். நான்கு என்பது இரட்டிப்பு. ஐந்து, ஆறு என்று போனால், யாரோ தேடித் தேடிச் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சரி, ஒரே பந்தை ஒரே மனிதன் எந்தக் காலால் உதைத்தால் என்ன? இங்கேதான் விஷயத்தின் ஆழம் இருக்கிறது.

பாதத்தின் உட்பக்கத்தால் உதைக்கும்போது பந்து சுழன்று வளையும். வலதுகால் உதைத்த பந்து உதைத்தவருக்கு இடப்பக்கமாக வளையும். இடதுகால் உதைத்தது வலப்பக்கமாக வளையும். இப்போது இடது சென்டர் பேக்காக நிற்பவரை எடுத்துக்கொள்வோம். அவர் கோட்டை ஒட்டி முன்னால் நிற்கும் விங்கருக்குப் பந்து அனுப்பப் பார்க்கிறார். வலதுகாலால் அனுப்பினால் பந்து வெளிக்கோட்டை நோக்கி வளைந்து ஓடும். கொஞ்சம் வேகம் கூடினால் பந்து வெளியே போய் எதிரணிக்கு த்ரோ இன். இடதுகாலால் அனுப்பினால் அது களத்துக்குள் வளைந்து விங்கரின் ஓட்டத்தில் போய் விழும். ஒரே தூரம், ஒரே குறி, ஆனால் ஒன்று கஷ்டமான பாஸ், மற்றது சுலபமான பாஸ்.

இன்னொரு விஷயம், உடம்பு நிற்கும் கோணம். வலப்பக்கத் தோழரிடமிருந்து பந்து வருகிறது. இடதுகால்காரர் அதைத் தன் உடம்பைத் தாண்டி ஓடவிட்டு, தூரக் காலால், அதாவது இடதுகாலால் வாங்குவார். வாங்கும்போதே முழுக் களமும் அவர் கண்முன் விரிந்திருக்கும். அடுத்த தொடுதலிலேயே பந்தை அனுப்பிவிடலாம். வலதுகால்காரர் பக்கத்துக் காலால் வாங்குவார். முகம் பந்து வந்த திசையையே பார்த்தபடி இருக்கும், பந்தும் ஓடி வரும் எதிரணி ஃபார்வர்டுக்கு அருகில் இருக்கும். ஒரு நொடி கூடுதலாக வேண்டும். முப்பது வருடத்துக்கு முன்னால் அந்த ஒரு நொடி பெரிதாகத் தெரியவில்லை, ஏனென்றால் சென்டர் பேக்குகளை யாரும் அவ்வளவாகத் துரத்தவில்லை. இன்று எல்லா அணிகளும் எதிரணியின் பெட்டி வரை போய் அழுத்துகின்றன. அப்படி அழுத்தும் அணிகள் செய்யும் முதல் வேலை, பந்தை இடது சென்டர் பேக்காக நிற்கும் வலதுகால்காரரிடம் போக விடுவது. அவரிடம் போனதும் கூட்டமாகப் பாய்வார்கள்.

பயிற்சியாளர் பெப் குவார்டியோலா 2018 ஜனவரியில் இதே லப்போர்டை மான்செஸ்டர் சிட்டிக்கு வாங்கியபோது அது அந்த கிளப்பின் அதுவரையிலான அதிகபட்ச விலை. அப்புறம் நேத்தன் ஆக்கே, 2023இல் சுமார் 7.7 கோடி பவுண்டுக்கு யோஷ்கோ குவார்டியோல். மூவரும் இடதுகால் சென்டர் பேக்குகள். அவர்களுக்குப் பின்னால் நின்ற கோல்கீப்பர் எடர்சனும் இடதுகால்காரர். தடுப்பதற்கு மட்டும் இவ்வளவு விலை என்று நினைத்தால் கணக்கு இடிக்கும். சிட்டி வாங்கியது அந்தக் கோணத்தையும் சேர்த்துத்தான்.

களத்தின் மறுபக்கம் வேறு கதை. என் சிறுவயதில் பார்த்த ஆட்டங்களில் இடதுகால்காரர் என்றால் இடது விங். மான்செஸ்டர் யுனைடெட்டின் ரையான் கிக்ஸ் மாதிரி கோட்டை ஒட்டி ஓடி, கோல் கோடு வரை போய் கிராஸ் போட வேண்டும். அந்த ஒழுங்கு 2000க்குப் பிறகு தலைகீழானது. பார்சிலோனாவில் ரைக்கார்ட் பயிற்சியாளராக இருந்த காலத்தில் இளம் மெஸ்ஸி வலது விங்கில் ஆடினார். பயர்ன் மூனிக்கில் ஆர்யென் ராபன் வலப்பக்கம், வலதுகால்காரர் ரிபெரி இடப்பக்கம். லிவர்பூலில் சலா. இவர்கள் எல்லோரும் செய்வது ஒன்றே: ஓரத்தில் பந்தை வாங்கி, உள்ளே திரும்பி, பலமான காலால் தூர போஸ்ட்டை நோக்கி அடிப்பது. ராபன் எப்படி வெட்டுவார், எங்கே அடிப்பார் என்று உலகத்துக்கே தெரியும். தெரிந்தும் தடுக்க முடியவில்லை, ஏனென்றால் ஓடிக்கொண்டே உள்ளே திரும்பும் அந்தக் கணத்தை அவர்தான் தேர்ந்தெடுத்தார். தடுப்பவர் பின்னாலேயே ஓட வேண்டியிருந்தது.

இந்த மாற்றத்துக்கு ஒரு விலை இருந்தது, அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. ஏற்கெனவே குறைவாக இருக்கும் இடதுகால்காரர்களில் திறமைசாலிகளை வலப்பக்கம் நகர்த்தினால் இடப்பக்கம் காலியாகும். அந்தப் பள்ளத்தை லெஃப்ட் பேக்குகள் நிரப்பினார்கள். பார்சிலோனாவின் ஜோர்டி ஆல்பா, ரியால் மாட்ரிட்டின் மார்செலோ, லிவர்பூலின் ராபர்ட்சன் எல்லோரும் அணியின் இடது விங்கர் வேலையையும் சேர்த்துப் பார்த்தவர்கள். மெஸ்ஸி வலது ஓரத்துக்கும் நடுவுக்கும் இடைப்பட்ட வெளியிலிருந்து குறுக்காக மேலே தூக்கிப் போடும் பந்து, ஆல்பா பின்னாலிருந்து ஓடி வந்து வாங்கித் திருப்பி அனுப்புவது, மெஸ்ஸி கோல். எத்தனை முறை பார்த்திருப்போம். அந்தக் குறுக்குப் பந்தை வலதுகால்காரர் ஒருவர் அதே இடத்திலிருந்து போட முயன்றால் அது கோல்கீப்பரை விட்டு விலகி வளைந்து, ஆல்பாவுக்கும் எட்டாமல் போகும். இரண்டு இடதுகால்கள் களத்தின் இரண்டு பக்கமும் நின்று ஒன்றுக்கொன்று பேசிக்கொண்ட ஆட்டம் அது.

இதேபோல் ஒரு நாள் என்றால் 2014 ஜூன் 13ஐச் சொல்வேன். பிரேசிலின் சால்வடார் நகரில் உலகச் சாம்பியன் ஸ்பெயினை நெதர்லாந்து 5-1 என்று கவிழ்த்தது. டச்சு அணியில் மார்ட்டின்ஸ் இண்டி, டாலி பிளின்ட், வான் பெர்சி, ராபன் என நான்கு இடதுகால்காரர்கள். இடைவேளைக்குச் சற்று முன் பிளின்ட் இடப்பக்கத்திலிருந்து நெடுந்தூரம் தூக்கி அனுப்பிய பந்தை வான் பெர்சி பறந்து தலையால் முட்டி கோலாக்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும். இடைவேளைக்குப் பின் ராபனின் முதல் கோலுக்கும் பந்து வந்தது அதே பிளின்ட்டின் இடதுகாலிலிருந்துதான். தலையால் முட்டிய படம் சுவரொட்டியானது. பந்தை அனுப்பிய காலை மறந்துவிட்டோம். ஓடிக்கொண்டே, நிறுத்தித் திருப்பாமல், இடப்பக்க ஓரத்திலிருந்து அந்தக் கோணத்தில் அனுப்ப இயல்பான இடதுகால் வேண்டும். டிரிப்பியர் அந்த இடத்தில் இருந்திருந்தால் பந்தை நிறுத்தியிருப்பார், ஸ்பெயின் தற்காப்பு பின்னால் நகர்ந்திருக்கும்.

இனி, அளவு மீறினால் என்ன ஆகும் என்ற கேள்வி. அதற்கு லண்டன் கிளப்பான ஆர்சனலைவிட நல்ல உதாரணம் இல்லை.

பயிற்சியாளர் மிக்கெல் ஆர்ட்டெட்டா கட்டிய அணியில் 2023-24 சீசனில் ஒரு சாதாரண வாரத்தின் பட்டியல் இப்படி இருக்கும்: கோலில் ராயா, பின்வரிசையில் பென் வைட், சலிபா, கேப்ரியேல், சின்சென்கோ அல்லது கிவியோர், நடுவில் ரைஸ், ஒடேகார்ட், ஹாவெர்ட்ஸ், முன்னால் சாகா, ஜேசுஸ், மார்ட்டினெல்லி. இதில் கேப்ரியேல், சின்சென்கோ அல்லது கிவியோர், ஒடேகார்ட், ஹாவெர்ட்ஸ், சாகா ஆகிய ஐந்து இடங்களும் இடதுகால்கள். பெஞ்சில் ஃபாபியோ வியேரா, அவரும் இடது. அடுத்த சீசனில் கலாஃபியோரி, மெரினோ வந்தார்கள். அகாடமியிலிருந்து லூயிஸ்-ஸ்கெல்லி, நுவானேரி எழுந்தார்கள். நால்வரும் இடதுகால்காரர்கள். உலகின் பெரிய கிளப்புகளில் இவ்வளவு இடதுகால்களை ஒரே கூரையின் கீழ் பார்ப்பது அபூர்வம்.

அதனால் அணி கெட்டதா? 2023-24இல் அந்த அணி லீக்கில் 91 கோல் போட்டது, 29 மட்டுமே வாங்கியது, 89 புள்ளிகள் எடுத்தது. இரண்டு புள்ளியில் சிட்டியிடம் பட்டத்தை இழந்தது. ஐந்து இடதுகால்கள் ஒரு அணியை முடக்கும் என்று சொல்பவர்கள் இந்த எண்களைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

ஆனால் அந்த அணி எப்படி இயங்கியது என்று கூர்ந்து பார்த்தால் நுணுக்கம் தெரியும். வலப்பக்கத்தில் சாகா, ஒடேகார்ட் இருவருமே இடதுகால்காரர்கள். இருவருக்கும் உள்ளே திரும்புவதுதான் இயல்பு. இருவரும் உள்ளேயே திரும்பினால் எதிரணி உள்ளே ஆளைக் குவித்து கதவைச் சாத்திவிடும். இதைத் தடுத்தவர் பென் வைட். தொழிலால் சென்டர் பேக், வலதுகால்காரர். சாகாவிடம் பந்து போனதும் வைட் அவருக்கு வெளிப்பக்கமாக ஓடுவார். பத்தில் எட்டு முறை பந்து அவருக்கு வராது. வர வேண்டிய அவசியமும் இல்லை. சாகாவைச் சூழ்ந்து நிற்கும் இருவரில் ஒருவர் வைட்டோடு போயாக வேண்டும், ஏனென்றால் வலதுகால்காரர் ஒருவர் வெளியே ஓடினால் அவர் நிஜமாகவே கிராஸ் போடுவார். அந்த ஒரு ஆள் நகர்ந்ததும் சாகாவுக்கு உள்ளே வழி திறக்கும். அங்கே வைட்டுக்குப் பதில் ஓர் இடதுகால்காரரை ஓடவிட்டால் எதிரணி அவரைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

எனக்கு அந்த அணியில் மிகவும் பிடித்த ஆட்டக்காரர் ஒடேகார்ட். அவருடைய மந்திரக் கால் பற்றிப் பேசாத நாள் இல்லை. ஆனால் இடதுகால்கள் நிறைந்த அந்த மூலையை ஆட்டமாக மாற்றியது பந்தே வராமல் ஓடிக்கொண்டிருந்த வைட்டின் வலதுகால் என்றுதான் நினைக்கிறேன். அவருக்கு அதற்கான பாராட்டு கிடைக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

2024-25இல் அதே அணி 69 கோல்களோடு 74 புள்ளிகளுக்கு இறங்கியது. இடதுகால் நெரிசல்தான் காரணம் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம், ஆனால் அது சரியில்லை. ஒடேகார்டுக்குக் கணுக்கால் காயம், வைட்டுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை, டிசம்பரில் சாகாவுக்குத் தொடைத் தசைக் கிழிவு, பிப்ரவரியில் ஹாவெர்ட்ஸுக்கும் அதே. வலப்பக்க மூன்று பேரும் சேர்ந்து ஆடிய வாரங்களே குறைவு. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அந்த நெரிசலைக் குறை சொல்லலாம்: மூவரில் எவர் போனாலும் அவருக்குப் பதில் வந்தவர் அதே கோணத்தைத் தரவில்லை. இப்படி நுணுக்கமாகக் காலை எண்ணிக் கட்டிய அமைப்பில் ஒரு செங்கல் விழுந்தால் பக்கத்துச் செங்கலும் ஆடும்.

அதே சீசனில், 2025 ஏப்ரல் 8 அன்று, ரியால் மாட்ரிட்டை ஆர்சனல் 3-0 என்று வென்ற சாம்பியன்ஸ் லீக் காலிறுதி ஆட்டத்தில் முதல் பதினொரு பேரில் ஐந்து இடதுகால்கள்: கிவியோர், லூயிஸ்-ஸ்கெல்லி, ஒடேகார்ட், சாகா, மெரினோ. முதல் இரண்டு கோலும் ஃப்ரீ கிக். இரண்டையும் அடித்தது டெக்லன் ரைஸின் வலதுகால். மூன்றாவது லூயிஸ்-ஸ்கெல்லி கொடுத்து மெரினோ முடித்த இடதுகால் கோல். கார்னர்களிலும் ஆர்சனலுக்கு இதே ஏற்பாடு: வலப்பக்கக் கார்னரை சாகா இடதுகாலால், இடப்பக்கக் கார்னரை ரைஸ் வலதுகாலால் அடிப்பார்கள். இரண்டுமே கோலை நோக்கி உள்ளே வளையும். கோல்கீப்பர் முன்னால் ஆறு பேரை நிறுத்தி, கேப்ரியேலைத் தூர போஸ்ட்டில் குதிக்க விட்டால் பாதி வேலை முடிந்தது. இரண்டு மூலைக்கும் இரண்டு வகைக் கால் இல்லாத அணிக்கு இந்த வசதி ஒரு பக்கம் மட்டுமே.

இதையெல்லாம் படித்துவிட்டு, இடப்பக்கத்தில் இடதுகால் இல்லாவிட்டால் அணியே இல்லை என்று யாராவது முடிவு கட்டினால், அவர்களுக்கு இத்தாலியின் பாவ்லோ மால்தினியைக் காட்ட வேண்டும். உலகம் கண்ட மிகச் சிறந்த லெஃப்ட் பேக்குகளில் ஒருவர், இயல்பில் வலதுகால்காரர். 2006 உலகக் கோப்பையின் முதல் கோலை, கோஸ்டாரிகாவுக்கு எதிராக ஆறாவது நிமிடத்தில், ஜெர்மனியின் ஃபிலிப் லாம் போட்டார். இடப்பக்கத்திலிருந்து உள்ளே வெட்டி வலதுகாலால் வளைத்து அடித்தார். இடதுகால்காரர் அந்த இடத்திலிருந்து அந்தக் கோலை அடித்திருக்க முடியாது.

தற்காப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. 2022 அக்டோபர் 9 அன்று லிவர்பூலுக்கு எதிராக ஆர்ட்டெட்டா இடதுகால் லெஃப்ட் பேக் ஒருவரை நிறுத்தாமல் வலதுகால்காரரான டோமியாசுவை அங்கே நிறுத்தினார். எதிரே சலா. சலா உள்ளே வெட்டினால், அங்கே டோமியாசுவின் பலமான கால் காத்திருக்கும். அன்று சலாவால் ஒன்றும் செய்ய முடியவில்லை. 70வது நிமிடத்தை ஒட்டி அவரை வெளியே எடுத்தார்கள். ஆர்சனல் 3-2 என்று வென்றது. எதிரணியில் வலது விங்கில் இடதுகால்காரர் இருந்தால் லெஃப்ட் பேக்காக வலதுகால்காரர் இருப்பது சில நாள் லாபம். ஆனால் அதே டோமியாசு பந்தோடு முன்னேறும்போது கஷ்டப்படுவார். எதற்கு முன்னுரிமை என்பதைப் பயிற்சியாளர் அந்தந்த ஆட்டத்துக்கு முடிவு செய்ய வேண்டியதுதான்.

அபூர்வம் என்பதே ஒரு பலம் அல்லவா என்று கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள் கேட்பார்கள். இடதுகை வேகப்பந்து வீச்சாளர் வந்தால் மட்டையாளர் தடுமாறுவது போல, இடதுகால்காரரிடம் எதிரணி தடுமாறாதா? பெனால்டியில் கொஞ்சம் உண்டு. கோல்கீப்பர்கள் அதிகம் பார்ப்பது வலதுகால் உதை. இடதுகால் உதையின் திசையைக் கணிப்பது அவர்களுக்குக் கடினம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் கிரிக்கெட் மாதிரி, டென்னிஸ் மாதிரி ஒருவருக்கு ஒருவர் என்று நிற்கும் கணங்கள் கால்பந்தில் குறைவு. பதினொரு பேர் சேர்ந்து நகரும் ஆட்டத்தில் அபூர்வத்தின் அதிர்ச்சி சீக்கிரம் கரைந்துவிடும். கோணத்தின் லாபம்தான் 90 நிமிடமும் நிற்கும். தொழில்முறை அணிகள் ஒவ்வொரு எதிராளியின் வீடியோவையும் நாள் கணக்கில் பார்த்துவிட்டுத்தான் வருகின்றன.

சின்ன ஊர் அணிகளிலும் பள்ளி அணிகளிலும் நடப்பதைப் பார்க்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. ஒரு பையன் இடதுகாலால் உதைக்கிறான் என்று தெரிந்த மறுநாளே அவனை லெஃப்ட் பேக்காகப் போட்டு அங்கேயே விட்டுவிடுகிறார்கள். அவன் யமாலாக வர வேண்டியவனா, ஒடேகார்டாக வர வேண்டியவனா என்று யாரும் பார்ப்பதில்லை. இன்னொரு பக்கம், இடதுகால்காரர் கிடைக்கவில்லை என்று அங்கலாய்க்கும் பயிற்சியாளர்கள், இருக்கும் வலதுகால் பிள்ளைகளின் இடதுகாலைப் பழக்குவதும் இல்லை. 1998 உலகக் கோப்பையை ஆராய்ந்தவர்கள் கண்ட இன்னொரு உண்மையை அவர்கள் கவனிக்க வேண்டும்: ஆட்டக்காரர்கள் மற்றக் காலைப் பயன்படுத்தியது மிக அரிது, ஆனால் பயன்படுத்திய சமயங்களில் அநேகமாக அதே அளவு வெற்றி கிடைத்தது. ஐரோப்பிய லீக்குகளின் சம்பளங்களை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்களும், இரண்டு காலாலும் ஆடுபவர்கள் மற்றவர்களைவிட அதிகம் சம்பாதிக்கிறார்கள் என்று கண்டிருக்கிறார்கள்.

மேற்கு ஜெர்மனியின் லெஃப்ட் பேக் ஆந்திரியாஸ் பிரெமே 1986 உலகக் கோப்பைக் காலிறுதியில் மெக்சிகோவுக்கு எதிரான பெனால்டி ஷூட் அவுட்டில் இடதுகாலால் அடித்து கோலாக்கினார். நான்கு வருடம் கழித்து, 1990 ஜூலை 8 அன்று ரோமில், அர்ஜென்டினாவுக்கு எதிரான இறுதிப் போட்டியின் 85வது நிமிடத்தில் உலகக் கோப்பையை வென்று தந்த பெனால்டியை வலதுகாலால் அடித்தார். அவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று இன்றும் ரசிகர்கள் வாதாடுவார்கள். அவருடைய பயிற்சியாளருக்கு அந்தக் கவலை இருந்திருக்காது.